பூமிளகு

மூன்று வாரமாக அந்தப் பொட்டலம்
ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது,
கரண்ட் பில்லுக்கும் கொசுவத்திக்கும் நடுவே.
சிவப்புத் தாளில் எழுத்துகள்
கோழி கிளறிய முற்றம் மாதிரி.
எப்சிபா அதைப் பிரிக்கவுமில்லை,
தூரப் போடச் சொல்லவுமில்லை.

ஆறு வருஷம் சீனாவில் படித்தவள்.
டாக்டர் என்று அச்சடித்த தாள்
பீரோவில், என் கல்யாணப் பட்டுக்கு அடியில்.
இங்கே எழுதுகிற பரீட்சை
இரண்டு தடவை கைவிட்டது.

இன்று மழை.
குலவணிகர்புரம் கேட்டில் நிற்பதாக
அவள் அப்பா போன் செய்தார்.
"அம்மா, இன்னைக்கு நான் ஆக்குதேன்."
முக்காலியை இழுத்துப் போட்டேன்,
பிரிக்க வேண்டிய யூனிஃபார்ம் பாவாடையோடு.
அடுப்படியை முழுசாக விட்டுக்கொடுக்க மனசில்லை.

சீனிச்சட்டியை எடுங்க என்றாள்.
சொன்ன வாய்க்கே சிரிப்பு வந்தது அவளுக்கு.
"உங்க ஊர்ச் சட்டி எங்க பாளையங்கோட்டைக்கு
எப்பவோ வந்தாச்சுன்னு
ஹாஸ்டல்ல எத்தனை பேர்ட்ட பீத்தியிருக்கேன்!"

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.
கறுப்புக் காடி இருக்கா?
ஊறுகாய்க்கு வைத்திருந்த பனங்காடி இருந்தது,
அதில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு.
அன்னாசிப்பூ, கிறிஸ்மஸ் பிரியாணி மிச்சம்.
எட்டு இதழ் இருக்கணுமாம்; எண்ணினாள்.
ஆறுதான். பரவாயில்லை என்றாள்.
நல்லெண்ணெயை மோந்து பார்த்து
"வறுத்த எள்ளுன்னா இன்னும் வாசமா இருக்கும்."
செக்கில் நின்று ஆட்டி வாங்கி வந்த எண்ணெய்!
பாவாடை நூலைப் பல்லால் கடித்தேன்.

கத்தரிக்காய், விரல் நீளத்துக்கு.
இந்தக் கறிக்குப் பேர்
மீன் வாசனைக் கத்தரிக்காயாம்.
"மீன் எங்கட்டி?"
"மீனே கிடையாதும்மா. மீனுக்குப் போடுத சாமான் மட்டும்."
மீன் வாங்கக் காசில்லாத நாளில்
எவளோ புருஷனை ஏமாற்ற ஆக்கியிருப்பாள்.
முகம் தெரியாத அவளை எனக்குப் பிடித்துப்போனது.

கடைசியாகப் பொட்டலம் பிரிந்தது.
நார்த்தங்காய் இலையைக் கசக்கின மாதிரி வாசம்,
அடியில் கொஞ்சம் மருந்துக்கடை.
வாய் பிளந்த குட்டிக்குட்டி ஓடுகள்,
உள்ளே ஒன்றுமில்லை.
விதையை எறிந்துவிடுவார்களாம். ஓட்டில்தான் சங்கதி.
"பூமிளகுன்னு பேரு. ஒண்ணு கடிங்க."

கடித்தேன். ஒன்றுமில்லை.
அப்புறம், சின்ன வயசில்
டார்ச் பேட்டரியை நக்கின ஞாபகம்.
நுனிநாக்கில் ஒரு வண்டு.
உறைப்பா? இல்லை. துவர்ப்பா? அதுவும் இல்லை.
"மரப்பு" என்றாள்.
"அஞ்சாம் நரம்பும்மா, அதுல மூணாவது கிளை.
நாக்குக்கு முன்பாதி அதுக்குள்ளதான் வரும்."
கரண்டியை நிறுத்தாமல்,
புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.
சொன்னது அவளுக்கே தெரியவில்லை.
நான் பாவாடையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஞானசிகாமணி நனைந்து வந்தார்.
என்ன வாசம் இது என்று கேட்டு
பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்தார்.
சோற்றில் பிசைந்த இரண்டாம் கவளத்தில்
தினமும் வருகிற கேள்வி உண்டு:
தேதி போட்டுட்டானா?
வாயைத் திறந்தார்.
தே, என்றார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.
தண்ணீர் குடித்தார்; தண்ணீரும் வேறு மாதிரி இருந்ததோ என்னவோ,
தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.
பல் பிடுங்கப் போனவர் போல இருந்த முகத்தைப் பார்த்து
அவள் சிரிக்க, நான் சிரிக்க,
அவர் தட்டை நகர்த்தி
இன்னும் வை என்று சைகை காட்டினார்.

இருபது நிமிஷம்தான் நிற்குமாம் அது.

சீனிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
உள்ளேயிருந்து குரல்:
"ஏட்டி எப்சி."
இரண்டு பேர் கையும் நின்றது.
"நாளைக்குச் சாளை வாங்கியாரட்டா?
அந்தச் சாமானுக்கு
நிஜ மீனைப் போட்டா என்னட்டி ஆவும்?"