டங்ஸ்டன் முனை

குறிச்சி சிட்கோ. ஷிப்ட் முடிய முக்கால் மணி.
பம்பு உறைக்கு எவர்சில்வர் விளிம்பு வைக்கிறேன்.
ஆர்க் பற்றிய மறுநொடி,
பென்சில் மாதிரி சீவி வைத்திருந்த டங்ஸ்டன்
உருகித் தலை பருத்துப்
பட்டாணியாய் உருண்டுவிட்டது.
தகடு மட்டும்
ஒன்றும் தெரியாதது போல் கிடக்கிறது.

முகமூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
டார்ச் பிளஸ்ஸில், எர்த் மைனஸில்.
ராடு வெல்டிங்குக்காக மாற்றிப் போட்ட கிருபாகரன்
அப்படியே விட்டுவிட்டு
ஒண்டிப்புதூர் பஸ்ஸைப் பிடித்திருக்கிறான்.
வாயில் வந்ததைச் சொன்னேன்,
அதையெல்லாம் இங்கே எழுத முடியாதுங்க.

ஐ.டி.ஐ. போர்டில் வரைந்த அம்பு
பிளஸ்ஸில் கிளம்பி மைனஸுக்குப் போகும்.
பரீட்சையில் நானும் அப்படித்தான் போட்டு
எண்பத்தொன்று வாங்கினேன்.
அந்த அம்பை நம்பினால்
இப்போது டார்ச்சிலிருந்துதான் எல்லாம் கிளம்பியிருக்க வேண்டும்.
கிளம்பிய இடம் ஏன் வெந்தது?
அடி வாங்கியவன் முகம்தானே வீங்கும்.

கேபிள்களைக் கழற்றி மாற்றினேன். வேறொரு டங்ஸ்டன்.
இப்போது ஊசி ஊசியாகவே நிற்க,
தகட்டில் பளிச்சென்று ஒரு குட்டை.
மைனஸில் புறப்பட்ட எலக்ட்ரான்கள்
ஆர்கானுக்குள் பாய்ந்து
எவர்சில்வரில் போய் மோதுகின்றன.
போர்டு அம்போ
நொய்யலில் மேற்கே நீந்துகிறது.

எலக்ட்ரான் என்று ஒன்று தெரிவதற்கு முன்னாலேயே
யாரோ குத்துமதிப்பாய்
இது பிளஸ், இது மைனஸ் என்றிருக்கிறார்.
நூறு வருஷம் தாண்டி உண்மை தெரிந்தபோது
புத்தகமெல்லாம் அச்சாகிவிட்டது.

ஆனாலும் கணக்குப் பிசகுவதில்லை.
சனிக்கிழமை பைனான்ஸ்காரர் வருவார்.
ஐநூறு ரூபாய் என்னிடமிருந்து
அவரிடம் போனது என்றாலும் சரி,
ஐநூறு ரூபாய்ப் பள்ளம் அவர் பையிலிருந்து
என் பைக்கு இடம் மாறியது என்றாலும் சரி,
நோட்டில் விழுவது ஒரே வரி.
வெறும் பையோடு பஸ் ஏறுவது யார் என்பது
அந்த வரியில் இருக்காது.

மெஷின் மேல் சாக்பீஸால் எழுதினேன்:
‘கிருபா, டிக் போட்டா டார்ச் மைனஸ்ல.
செங்கமலம் அக்கா.’
அம்புக்குறி எதுவும் போடவில்லை.

பட்டாணித் தலையை உடைத்துவிட்டு
கிரைண்டரில் திரும்பச் சீவினேன்.
இரண்டங்குலம் மிச்சமிருந்தது.