பேய்ச்சட்டைக்கு அளவு

உயரம் நாற்பத்தைந்து அங்குலம்.
தோள் பத்தரை.
கழுத்துத் தேவையில்லை, தலையோடு மூடுவது.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

அயர்லாந்திலிருந்து தங்கச்சி அனுப்பிய அளவு.
"கடையிலயும் இருக்கு அக்கா,
நீங்கள் தைச்சதெண்டால்தான் போடுவாளாம்."

பாசையூரில் மழை பிடித்துவிட்டது.
மெசினுக்கு நேர் மேலே ஒழுக்கு.
வாளியை வைத்துவிட்டு
வெள்ளைப் பொப்ளினை விரிக்கிறேன்.
போனுக்குள் பெறாமகள் அனெற்றா,
முன்பல் இரண்டும் இல்லாமல்:

"பெரியம்மா, முந்திப் பூசணி இல்லையாம்.
நோக்கோல் மாதிரி ஒரு கிழங்காம்,
குடைஞ்சு உள்ளுக்குத் தணல் வைக்கிறதாம்.
அண்டைக்கு இரவு
செத்த ஆக்கள் எல்லாரும் வருவினமாம்,
பசியோட.
முகத்தை மூடிக்கொண்டு போனால்
நாங்களும் செத்த ஆக்கள் எண்டு நினைச்சு
விட்டிட்டுப் போயிடுவினமாம்."

செத்தவர்களின் பசி எனக்குப் புதிதில்லை.
முன்வீட்டுக் குகதாசன்
தகப்பனின் எட்டுக்குப் படைத்த பொரித்த மீனையும் கள்ளையும்
சந்தியில் வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் வந்தான்.
நாங்கள் நவம்பர் இரண்டில்
சேமக்காலைக்குப் போவோம்.
காற்று அணைக்க அணைக்க
பக்கத்துக் கல்லறைத் திரியில் நெருப்புக் கடன் வாங்குவோம்.
ஒருவரும் முகத்தை மூடிக்கொண்டு போவதில்லை.

பென்சிலால் இரண்டு வட்டம் கீறினேன்.
கத்தரிக்கோல் அதிலே நின்றுவிட்டது.

அது சீனிச் சாக்கு.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை வரிசையாக்கிய அன்று
ஜீப்புக்குள் இருந்தது.
ஒவ்வொருவராய் முன்னால் போய் நின்றோம்.
எனக்கு ஆடவில்லை.
எனக்குப் பின்னால் வந்த றொமில்டனுக்கு ஆடியது,
ஒரேயொரு தரம்,
ஒட்டியிருந்த சீனியை உதறுவது போல.
பிறகு இருமியது.
உயிருள்ள இருமல்.
எங்கேயோ கேட்ட இருமல்.
இன்றைக்கும் பூசையில் யாராவது இருமினால்
திரும்பிப் பார்க்கிறேன்.

தங்கச்சி அப்போது ஏணைக்குள்.
ஓட்டைகளைப் பற்றி
நான் அவளுக்குச் சொன்னதேயில்லை.

அண்ணனுக்குக் கல்லறையும் இல்லை.
அம்மாவின் குழியோரம்
ஒரு திரி கூடக் கொளுத்துவேன், அவ்வளவுதான்.
வழி தெரிந்து வருவானோ தெரியாது.
விசா கேட்க மாட்டார்கள் அவனிடம்,
அயர்லாந்துக்கும் போகலாம்.
அங்கே ஒரு வாசலில், கூட்டத்தோடு கூட்டமாய்
ஒரு சின்ன வெள்ளைத் துணி நின்றால்
அது ஆற்றை பிள்ளை என்று
அவனுக்கு எப்படித் தெரியும்?
அனெற்றாவின் இடக் கன்னத்தில்
அவனுடைய குழி இருக்கிறது.

வட்டங்களை அழித்தேன்.
நெற்றியிலிருந்து நாடிவரை
ஒரே வெட்டு.
ஓரம் மடித்துத் தைத்தேன்.
மிச்சத் துணியில் இனிப்பு வாங்க ஒரு பை.

படம் பார்த்துத் தங்கச்சி ஏசினாள்:
"இதென்னக்கா,
முதல் நன்மைக்குப் போற பிள்ளை மாதிரியெல்லோ இருக்கு,
பேய் எங்க?"

தபால் கந்தோரில் பெடியன் நிறுத்துப் பார்த்தான்.
இருநூற்றுப் பத்துக் கிராம்.
"உள்ளுக்கு என்ன?"
"பிள்ளைக்கு உடுப்பு" என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டான்.