ஏழாவது பந்து

ஐந்து நாளுக்கு ரிக்கெற் எடுத்திருந்தோம்.
காலியில் ஆட்டம் மூன்றாம் நாள்
தேநீர் இடைவேளைக்கு முன்னமே முடிந்துபோயிற்று.
சுழல், புழுதி, கைகுலுக்கல்.
ஒக்டோபரிலிருந்து ஒஸ்லோவில்
பல்லைக் கடித்துச் சேர்த்த விடுமுறையில்
இரண்டு நாள் மிச்சம்.

"யாழ்ப்பாணம் போவமே?" என்றான் இன்பராஜ்,
முடக்குக் கடைக்குப் போகிற மாதிரி.
நாங்கள் நாலு பேர்.
மூக்குத்தோல் உரிந்த சத்தியரூபன்.
ஆட்டவிதிகளை அச்செடுத்துப் பையில் கொண்டுதிரியும் நிர்மலகாந்தன்.
எல்லாவற்றுக்கும் காசு கட்டிவிட்டு
இரவில் வாட்சப்பில் கணக்குப் போடும் இன்பராஜ்.
இரண்டு பக்கத்துக்கும் கைதட்டி
இரண்டு பக்கத்தாலும் முறைக்கப்பட்ட நான்.

இரவு பஸ். முறிகண்டியில் கச்சான்.
விடிய ஒரு அறை, குளிரூட்டியை நிறுத்தச் சொல்லிச் சண்டை.
போய்ப் பார்க்க ஒருவருக்கும் வீடில்லை.
இருந்த ஒன்றும் விற்றாயிற்று.
விற்றவனிடம் நாங்கள் அதைக் கேட்கவில்லை.

பின்னேரம் கோட்டைப்பக்கம் நடந்தால்
முற்றவெளியில் பெடியள்,
இரண்டு அணி, ஒரே சோடிக் காற்காப்பு,
ஆளுக்கு ஒரு காலாகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள்.
"அண்ணை, நடுவர் வரேல்லை.
சைக்கிள் காத்துப் போட்டுதாம்.
நீங்கள் நிண்டு தாறியளோ?"
நிர்மலகாந்தன் தொண்டையைச் செருமினான்.
ஆனால் தொப்பி போட்டிருந்தது நான்தான்.

ஆறு கல் பொறுக்கித் தந்தார்கள்.
பந்துக்கு ஒரு கல்
இடக்கையிலிருந்து வலக்கைக்கு.
முதல் நாலு ஓவரும் நான் நல்ல நடுவர்.
ஒரு வைட் கொடுத்தேன், ஒரு கூக்குரலை மறுத்தேன்,
கை தூக்கும்போது தோளில் ஏதோ மிடுக்கு ஏறியது.

ஐந்தாவதில்தான் வெயில்
பண்ணைக் கடலைத் தாண்டி வந்து
பின்கழுத்தில் உட்கார்ந்தது.
சுடவில்லை. சும்மா இருந்தது,
உள்ளங்கையை வைத்து எடுக்க மறந்த மாதிரி.
கண்ணை மூடினேன்.
ஒரு கணம்தான்.
நடுவர் கண்ணை மூடுவதற்கு
விதியில் இடமில்லை என்று எனக்கும் தெரியும்.

ஒரு கல் இடக்கையிலேயே தங்கிவிட்டது.

அடுத்து வந்த ஒரு பந்து, பிறகும் ஒன்று,
நடுக்குச்சி மல்லாந்து விழுந்தது.
கீர்த்திகன் என்ற பெடியன்
முப்பத்தொன்றில் இருந்தவன்,
மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் நடந்தான்.

ஓவர் முடிய,
சோடாப் பெட்டியில் இருந்து எழுதிக்கொண்டிருந்த பெட்டை
சீஆர் கொப்பியோடு நேராக வந்தாள்.
"அண்ணை, அது ஏழு."

எல்லைக்கோட்டிலிருந்து நிர்மலகாந்தன் கத்தினான்:
"நடுவர் பிழையா எண்ணினாலும்
அவர் எண்ணினதுதான் கணக்கு! விதியில இருக்கு!"
உண்மைதான். இருக்கிறது.
அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"அப்ப எண்ணத் தெரியாட்டியும் சரியோ?"

நான் அவனைத் திருப்பிக் கூப்பிட வாயெடுத்தேன்.
கீர்த்திகன் ஒற்றைக் காற்காப்பைக் கழற்றி
அடுத்தவன் காலில் கட்டிக்கொண்டிருந்தான்.
நிமிராமலே சொன்னான்,
"விடு மதுஷாயினி. அண்ணை வெளியில இருந்து வந்தவர்."

கோபமாய்ச் சொல்லியிருக்கலாம்.
விருந்தாளிக்குக் கதிரை இழுத்துப் போடுகிற
குரலில் சொன்னான்.

அவள் விடவில்லை.
அந்த ஓவருக்கு ஏழு கட்டம் அடித்து
ஏழாவதில் விக்கெற் என்று எழுதினாள்.
நடுவர் என்ற இடத்தில் போட
என் முழுப்பெயரைக் கேட்டாள்.
சொன்னேன்.
பேனையை ஒருதரம் உதறிவிட்டு
அழுத்தி எழுதினாள்.

கல்லை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.
எந்த அணி வென்றதென்று இருட்டில் சரியாகத் தெரியவில்லை.
சத்தியரூபனுக்குக் கொத்து வேண்டுமாம்.

இன்று மைனஸ் பதினான்கு.
இன்பராஜின் கணக்கு வந்திருக்கிறது:
பஸ், அறை, கச்சான்,
பார்க்காத இரண்டு நாள் ரிக்கெற்,
எல்லாம் நாலாய்ப் பிரித்து, சதம் தப்பாமல்.
கட்டிவிட்டு
வாசற்படியில் பனி தள்ளப் போனேன்.
ஆறு தள்ளலுக்கு ஒருதரம்
தன்பாட்டில் நிமிர்ந்து நிற்கிறேன்.
முதுகு நோகிறதா என்கிறாள்
பக்கத்து வீட்டு இங்கெர்.
ஓம், கொஞ்சம் என்கிறேன்.