கரிக்கணக்கு

கோட்டையில், நாலாம் மாடியில்,
ஏசி முனகும் ஓர் அறையில் இருந்துகொண்டு
ஒரு கம்பெனி வருசம் முழுக்கத் திரிந்த திரிச்சலைக்
கிலோகிராமில் எழுதுகிறேன்.

வேலை லேசு.
எத்தனை பேர், எவ்வளவு தூரம், எதில்.
மிச்சத்தைக் கணினி பெருக்கும்.

கண்டிக்குக் கோச்சியில் போய்வந்த ஸ்டோர்ஸ் பெடியன்கள்:
ஆளுக்குப் பத்துக் கிலோ.
யாழ்ப்பாணத்துக்கு இராப் பஸ்ஸில் நிமலரூபன்:
முப்பதுக்குக் கிட்ட.
முழங்கால் மடக்க இடமில்லை என்று
பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறார்.
முழங்காலுக்குக் கட்டம் இல்லை.

பிறகு டிரெக்டர்.
சிங்கப்பூர், இரண்டு இரவு,
காலை நீட்டிப் படுக்கிற வகுப்பு.
கரியைக் குறைப்பது பற்றிய மாநாட்டில்
இருபது நிமிஷம் பேசியிருக்கிறார்.
போக வர இரண்டு டன்.
நிமிஷத்துக்கு நூறு கிலோ.
பிழையோ என்று இன்னொரு தரம் பெருக்கினேன்.
பிழையில்லை.

விமானம் வானத்தில் இழுத்துவிட்டுப் போகிற
வெள்ளைக் கோடும் சூடு பிடித்துவைக்குமாம்.
படிவம் அதைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

"அக்கா, மரம் நட்டதைக் கழிச்சிட்டீங்களா?"
லக்‌ஷித கதவில் சாய்ந்துகொண்டு கேட்கிறான்.
மொனராகலையில் நானூறு கன்று. கழித்தாயிற்று.
நிற்கிறதா என்று பார்க்க ஒருவரும் போகவில்லை.
போயிருந்தால்
அதற்கும் ஒரு வரி விழுந்திருக்கும்.

ஐந்தேகால் கோச்சி.
யாருடையவோ மீன்பை என் காலில் ஒழுகுகிறது.
மிதிபலகையில் தொங்குகிறவர்களின் சேட்டுகளைக்
கடல் உப்புப் போட்டு விறைப்பாக்குகிறது.
கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு
என் பங்கு எவ்வளவு என்று ஒருநாள் போட்டுப் பார்த்தேன்.
கணினி பூச்சியம் என்றது.
அந்தப் பூச்சியத்தில் எனக்கொரு செருக்கு,
மறைக்கமாட்டேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டுகையில்
பின்னால், கடலுக்கு மேலே, ஒரு வெளிச்சம்
கட்டுநாயக்கா பக்கம் மெல்லத் தாழ்கிறது.

ஜனவரியில் இப்படித்தான் ஒன்றில் தர்மினி வந்தாள்.
டொரொன்டோ, தோஹா, கொழும்பு.
பொரளை மலர்ச்சாலையில் அப்பா
இரண்டு நாள் அவளுக்காகக் கிடந்தார்.
குளிர்ச் சப்பாத்தோடு வாசலில் நின்றவள்
கழற்ற மறந்து உள்ளே வந்து
அவர் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள்.
பெட்டியை மூடும்வரை விடவில்லை.
ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்.
ஆறாம் நாள் திரும்பிவிட்டாள்.

ஓர் இரவு, எல்லாரும் படுத்தபிறகு,
குசினி மேசையில் அதையும் போட்டுப் பார்த்தேன்.
குற்றம் சொல்ல இல்லை, பழக்கதோசம்.
டன்னில் வந்தது.
தொண்ணூறு நிமிஷத்தால் வகுக்கப் போய்ப்
பேனையை மூடிவைத்தேன்.

கப்பல் என்றால் ஒரு மாசம்.
கோச்சி கடலில் ஓடாது.
அப்பா பொறுமைசாலிதான்,
ஆனாலும் ஒரு மாசம் அப்படிக் கிடப்பாரா.

இரவுகளில் நினைப்பேன்:
இருபது நிமிஷப் பேச்சுக்கும்
ஒரு பெருவிரலுக்கும்
மேலே ஒரே புகைதான்.
காற்று ஆள் பார்த்துப் பிரிக்காது.
பிரிக்கவேண்டியது கீழே இருக்கிற நாங்கள்.
நாங்களோ மலிவு டிக்கெட் வந்தால்
ஒரு கலியாணம், ஒரு சாறிக்கடை, ஒரு சும்மா,
எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ஏற்றிவிடுகிறோம்.

வெள்ளவத்தை.
நெரிசலுக்குள் ஒரு செருப்பு கழன்று
தேடி மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.
போன் அடிக்கிறது. தர்மினி.
"ஆவணியில குடிபூரல். நீ வராட்டி நான் கதைக்கமாட்டன்.
விசாப் படம் எடுத்திட்டியோ?"

எடுத்துவிட்டேன்.
கைப்பையில், சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால்,
நாலு படம்.
காது தெரியவேணும் என்று
ஸ்டூடியோக்காரன் என் மயிரை ஒதுக்கியதில்
எதையோ களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி
நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.