பதில் இல்லை

வில்மர் ஊரின் மாவட்ட நீதிமன்றம், பிப்ரவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
உள்ளே வெந்நீர்க் குழாய்கள்
யாரையோ திட்டிக்கொண்டிருந்தன.
நான் அங்கே சுருக்கெழுத்துக்காரி.
என் இயந்திரத்துக்கு எழுத்து தெரியாது, ஒலிதான் தெரியும்.

காவோ ஜிம்காலே, என்று கூப்பிட்டார் குமாஸ்தா.
காவோ ஜிம்காலே.
காவோ ஜிம்காலே.
மூன்று தரம் ஆயிற்று.
அழைக்கப்பட்டார், பதில் இல்லை
என்று அடித்தேன்.

நாலே நிமிடம்.
வீட்டுக்காரரின் வக்கீல்
மேல்கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

தாழ்வாரத்தில், கதவிலிருந்து பன்னிரண்டு அடியில்,
வான்கோழி ஆலையின் இரவு ஷிப்டை முடித்துவிட்டு
ரப்பர் பூட்ஸோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.
மடியில் பிளாஸ்டிக் உறை,
அதற்குள் வாடகை ரசீதுகள்,
செத்துப்போன ஹீட்டரின் ஏழு படங்கள்.

அவள் பெயர் அவோ.
சோமாலி எழுத்தில் அதன் தலைமாட்டில் நிற்கும் சி
ககரமும் இல்லை, சகரமும் இல்லை.
தொண்டைக்குழியை நெருக்கி எடுக்கும் ஓர் அகரம்.
யாரோ காவோவாம், பாவம்,
நேரத்துக்கு வரவில்லை போலிருக்கிறது
என்று நினைத்தாளாம்.
பின்னால் சத்தியம் செய்து சொன்னாள்.
அதை அடித்ததும் நான்தான்.

வெளியேற்றப்பட்டவள் என்ற சொல்
பெயரோடு ஒட்டிவிட்டால்
இந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது.
அதனால் வழக்கு செயின்ட் பாலுக்கு ஏறியது.
மூன்று நீதிபதிகள், ஒன்பது பக்கம்.
ஆறாம் பக்கத்தில் மேற்கோளுக்குள் என் வரி.
கீழே அவர்கள் வரி:
தன் பெயரால் அழைக்கப்படாத ஒருவரை
வராதவர் என்று பதிய இயலாது.
தீர்ப்பு ரத்து. மீண்டும் விசாரிக்க.

அன்று ராத்திரி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொய் அடித்ததில்லை.
அன்றும் அடிக்கவில்லை.
அதுதான் உறுத்தியது.

மறு விசாரணைக்குள் ஜூன் வந்துவிட்டது.
அவள் வீட்டு ஜன்னலில் வேறு யாரோ
தக்காளி நாற்று வைத்திருந்தார்கள்.
நீதிபதி ஓஸ்ட்பி கண்ணாடியைக் கழற்றினார்.
உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள் என்றார்.
சொன்னாள்.
என் விசைகளில் அதற்கு இடமில்லை.
கை ஒரு நொடி நின்றது.
இரண்டு விசைகளைச் சேர்த்தழுத்தி
புதுக்குறி ஒன்று கட்டிச் சேமித்துக்கொண்டேன்.

நாற்பத்தொரு நிமிடம் பேசினாள்,
வேலையிடத்தில் பொறுக்கிய ஆங்கிலத்தில்.
உறைந்த குழாய். எடுக்கப்படாத போன்கள்.
கோட்டோடு தூங்கிய பையன், அவன் இருமல்.

தோற்றாள்.
நிறுத்திய வாடகையை
நீதிமன்றத்தில் கட்டியிருக்க வேண்டும்.
அவள் அதில் மின்சார ஹீட்டர் வாங்கிவிட்டாள்.
சட்டம் அப்படி.

போகும்போது என் மேசையருகே நின்றாள்.
எல்லாம் எழுதினாயா?
எழுதினேன்.
இருமலையும்?

திரையைப் பின்னுக்கு நகர்த்தினேன்.
பதினெட்டாம் பக்கம், நாலாம் வரி.
குனிந்து, விரல் வைத்து,
அவளே படித்துப் பார்த்தாள்.