அடியில் நின்ற தண்ணீர்

ஓரூரோ தாண்டி, நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
லாரி இருமியது,
வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது.

நெமேசியா ஃபில்டரைக் கழற்றி
ஊறுகாய் பாட்டிலில் வடித்தாள்.
மேலே தேன் நிற டீசல்,
கீழே இரண்டு விரற்கடைத் தண்ணீர்.
துடைத்த துணியில் இரும்புத் துகள்
சரிகை மாதிரி மினுங்கியது.
ஆறு இன்ஜெக்டர், ஒரு பம்ப்:
மகனின் கல்லூரிக் கட்டணம், அதற்கு மேலும் கொஞ்சம்.

"தண்ணீரா? இங்கே மழை பெய்தே
ஏழு மாதமாச்சே!"
பங்க்காரன் போனிலேயே சிரித்தான்.

புறப்படும்போது சக்கரத்தடி மண்ணுக்கு ஊற்றிய
சாராயத்தில்கூட அவள் கலப்படம் செய்ததில்லை.

ராத்திரி முழுக்கப் பல் கிட்டியது.
விடிந்ததும் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாள்.
டீசல் மெல்ல ஆடியது.
தண்ணீர் ஆடவில்லை,
கல்லாகியிருந்தது.

வெயில் ஏறுமுன்
கீழே போகும் லாரி ஒன்று வரவேண்டும்,
சாட்சி இளகுவதற்குள்.