பத்து கிலோ இருநூறு

சுக்குவைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்.
இறக்கிவிட்டுத் தனியாக ஏறினேன்.
கழித்தால் பத்து கிலோ இருநூறு.
பெட்டியில் பத்து முதல் இருபது என்றிருந்தது.
இருநூறு கிராமில் இந்தப் பக்கம் விழுந்துவிட்டாள்.
அன்று மதியம் தின்ற சங்கராத் தலை
அவ்வளவு இருந்திருக்கும்.

கெடிலக் கரை உண்ணிச்செடிக்குள் நுழைந்து வருகிறவள்.
காதுமடலில், விரலிடுக்கில், வாலடியில்
கொட்டைமுத்து கொட்டைமுத்தாய்த் தொங்கும்.
பவுடர் போட்டேன். வேப்பெண்ணெய் தடவினேன்.
பிடுங்கிய இடத்துக்கே திரும்ப வந்தன.

"இது மேல போடுறது இல்லம்மா"
மருந்துக்கடை குணபூஷணம் சொன்னார்.
"ரத்தத்துல கலந்து நிக்கும்.
குடிக்க வர்ற உண்ணி குடிச்சுட்டே சாவும்.
ஒரு மாசம் அசையாது."
அசையாது என்பதை
நல்ல செய்தியாகத்தான் கேட்டேன்.

சிப்காட்டில் எனக்கு லேப் வேலை.
ஒவ்வொரு டிரம்மோடும் பதினாறு பிரிவில் ஒரு தாள் வரும்,
தோலில் பட்டால், கண்ணில் பட்டால், விழுங்கிவிட்டால்.
படித்துக் கையெழுத்துப் போடாமல்
ஒரு மூடியைத் திறந்ததில்லை.
இந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு தாள் இருந்தது,
தபால்தலை அளவுக்கு மடித்து.
முருங்கைக்காய்ச் சக்கையோடு குப்பையில் போட்டேன்.

மாத்திரையில் மாட்டிறைச்சி வாசம்.
சொல்லாமலே உட்கார்ந்தாள், கேட்காமலே கை கொடுத்தாள்.
மெல்லக்கூட இல்லை.

வாஷிங் மெஷின் தானாக ஓடுகிறதென்று எழுந்தேன்.
மணி இரண்டு நாற்பது.
சமையலறைத் தரையில் அவள் நகங்கள்.
நான்கு காலும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தன,
அவள் மட்டும் அங்கேயே கிடந்தாள்.
கண் திறந்திருந்தது, என் பக்கம்தான்.
பார்த்தது என்னை அல்ல.

மீன் ஏற்றத் துறைமுகம் கிளம்பிய
தாமோதரனின் குட்டியானை.
காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
மடியில் அவள்.
ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர்
"மன்னிச்சுக்க தாயி" என்றார்,
என்னையா நாயையா தெரியவில்லை.

புதுப்பாளையத்தில் டாக்டர் மங்கையர்க்கரசி
நைட்டிமேல் துண்டோடு கதவைத் திறந்தார்.
ஊசி. இன்னொரு ஊசி.
குட்டியில் வலிப்பு வந்திருக்கா?
குடிகாடு பஸ் ஸ்டாப்பில் எடுத்தது மேடம்,
அதுக்கு முன்னாடி தெரியாது.
"நிறைய நாய்க்கு ஒண்ணும் ஆகாது. சிலதுக்கு ஆகும்.
எதுக்குன்னு முன்கூட்டி சொல்ல முடியாது."
உள்ளே போனதை எடுத்துவிடலாமா என்றேன்.
"அந்த நேரம் போயிடுச்சு. இனிமே அதுவா குறையணும்."

விடிந்து வந்து குப்பையைக் கிளறினேன்.
ஈரத் தாளைக் கிழியாமல் பிரிக்க அரைமணி நேரம்.
நடுக்கம். தள்ளாட்டம். வலிப்பு.
மிக அரிதாக.
அரிது என் சமையலறையில்
மூத்திரம் போய்க் கிடந்திருந்தது.
மேல்வீட்டு எஸ்தரின் ராக்கி
அதே பெட்டியின் இன்னொரு மாத்திரையைத் தின்றுவிட்டுப்
பால்காரரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தான்.

மருந்து பொய் சொல்லவில்லை.
மறுநாள் அவள் சாக்கை உதறியபோது
நாற்பத்து மூன்று, எல்லாம் காய்ந்து.

அந்த வாரம் இன்னும் இரண்டு முறை வந்தது.
இடையில் ஒருநாள் பிஸ்கட் டப்பா சத்தத்துக்கு
சுவரைப் பிடித்த மாதிரி நடந்து வந்து
உட்கார்ந்தாள். கை கொடுத்தாள்.
மாத்திரை நீட்டிய அதே கைக்கு.
ஒருமுறை முகர்ந்தாவது பார்த்திருக்கலாம்.

காலண்டரில் முப்பது வட்டம் போட்டேன்.
முப்பது முடிந்தும் நம்பவில்லை.
இரவில் ஒரு காது அவளிடம்தான் கிடந்தது.

முப்பத்தெட்டாம் நாள், செகண்ட் ஷிப்ட் விட்டு வந்து
காதுமடலைப் புரட்டினால்
உள்ளே ஒன்று.
குடித்து வயிறு பளபளக்க,
எட்டுக் காலும் காற்றைத் துழாவிக்கொண்டு.

அந்நேரத்துக்கு டாக்டருக்கு போன் போட்டேன்.
"உயிரோட இருக்கு மேடம்."
"யாரு, சுக்குவா? என்னாச்சும்மா?"
"இல்ல மேடம். உண்ணி."

இடுக்கி கையில்தான் இருந்தது.
கொஞ்ச நேரம் குடிக்கட்டும் என்று விட்டேன்.